பசிக்காத மாப்பிள்ளை

இலையின் வலது ஓரத்தில் ஆட்டுக்கறிச் சுக்கா, அதற்குப் பக்கத்தில் நாட்டுக்கோழி வறுவல், மேலே இரண்டு அவித்த முட்டை, நடுவில் சோற்று மலை, மலையைச் சுற்றி அகழி வெட்டியது மாதிரி குழம்பு. மரிய ஆனந்த் அந்த இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இரண்டு கவளம் உள்ளே போயிருந்தது. மூன்றாவது கவளம் கைக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது.

ஈஸ்டர் முடிந்து கல்யாணமாகி, பெண் வீட்டில் நடக்கும் முதல் விருந்து. கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மாமனார் சூசைமரியான் கையில் விசிறியோடும், மாமியார் அடைக்கலமேரி கரண்டியோடும், மச்சினன் மரிய ஜெரால்டு தண்ணீர்ச் செம்போடும் எதிரே நின்றார்கள். புது மனைவி பெல்சி அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டிருந்தாள். நாலு பேருடைய கண்ணும் அவன் வாயில் இருந்தது.

"போதும் அத்தை" என்று சொல்லி, கவளத்தை இலையிலேயே வைத்து, ஆனந்த் இலையை மூடினான்.

விசிறி நின்றுவிட்டது.

ஆனந்த் சாப்பாட்டுக்கு எதிரி இல்லை. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பு இரண்டாவது மாடியில். அவன் படியேறி வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பையன்கள் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதி முடித்திருப்பார்கள். முழங்கால் வலிக்கிறது என்று டாக்டர் முத்தழகுவிடம் போனான். அந்த அம்மாள் அவனை எடைமிஷினில் ஏற்றினார், ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவனையே பார்த்தார். காலையில் நடக்கச் சொன்னார். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொன்னார். சில மாதம் கழித்தும் முள் பழைய இடத்தை விட்டு நகராமல் நிற்க, பசியை அடக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். வாரா வாரம் வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, தானாகக் கூட்டவும் கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது. வாய் உலரும், சாப்பாடு முன்னைப் போல ருசிக்காது, பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

மாத்திரை ஆரம்பித்த கையோடு கல்யாணமும் கூடிவந்துவிட்டது. ஆனந்தின் அம்மா ஒரே கட்டளையாகச் சொல்லிவிட்டாள். மாத்திரை போடுகிற மாப்பிள்ளை என்றால் என்ன சீக்கு என்றுதான் கேட்பார்கள். எடைக்கு என்று சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். மாத்திரை எல்லாம் முடிகிற வரைக்கும் பெல்சியிடம்கூட மூச்சு விடாதே. அதனால் மாத்திரை அவனுடைய பேனா வைக்கும் பையில் இருந்தது. ராத்திரியில் அம்மா இரண்டு இட்டிலியோடு நிறுத்தி, "இவன் ராத்திரியில கம்மியாத்தான் சாப்பிடுவான்" என்று மருமகளிடம் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் வீட்டு விருந்தை யார் சமாளிப்பது?

அதுவும் அன்றைக்கு மாத்திரை தன் முழு வேகத்தையும் காட்டியது. சுக்கா பனைநாரை மெல்வது போலிருந்தது. குழம்பு முதலில் புளித்தது, பிறகு கசந்தது, கடைசியில் கண்ணில் நீர் வரவழைத்தது. டாக்டரம்மா சொன்னது எவ்வளவு சரி என்று ஆனந்த் மனசுக்குள் வியந்துகொண்டான். கூடவே ஒரு பொறாமையும் வந்தது. இப்படி ஆக்கிப் போடுகிற வீட்டில் மாமனாரும் மச்சினனும் தென்னங்குச்சி மாதிரி இருக்கிறார்கள். சிலருக்கு உடம்புவாகு அப்படி.

கை கழுவப் போன இடத்தில் ஜெரால்டு பின்னாலேயே வந்து, தோளில் கை போட்டான்.

"மச்சான், எதுன்னாலும் எங்ககிட்டச் சொல்லுங்க. அம்மாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிராதீக" என்றான். "அக்காவைக் கட்டுன மூத்த மச்சான் முத விருந்துக்கு வந்தவரு, பெறகு இந்த வாசலை மிதிக்கவே இல்ல. அப்பா அதுலேருந்து பயந்துபோய்க் கெடக்காக."

ஆனந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலையை மூடுகிற மாப்பிள்ளை எதையோ எதிர்பார்த்து முறுக்கிக்கொள்கிறான் என்றுதான் ஊரில் அர்த்தம். மூத்தவர் என்ன கேட்டு முறைத்தாரோ, தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அவன் நினைத்தது போலவே நடந்தது. கிளம்பும்போது சூசைமரியான் அவனைத் தனியே கூப்பிட்டு, விரலில் ஒரு மோதிரத்தை மாட்டினார். வேண்டாம் என்று ஆனந்த் கையை இழுக்க, அவர் விடவில்லை. "இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார். பஸ்ஸில் பெல்சி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். காரைக்குடி நெருங்கும்போது, "எதையும் மனசுல வச்சுக்கிராதீக" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் டாக்டரம்மாவிடம் போனபோது எடை குறைந்திருந்தது. ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. ஆனந்த் அதைக் கொண்டாடுகிற நிலையில் இல்லை. விருந்துக்குப் போகிற அன்று மட்டும் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டான். கூடாது என்றார். அப்படியானால் என்ன செய்ய என்று கேட்டான்.

"உண்மையைச் சொல்லுங்க சார்" என்றார் முத்தழகு. "அதுக்குத் தைரியம் வேணும்னா அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறுபடி அழைப்பு. உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிடுவது என்று ஆனந்த் முடிவு செய்தான். அது இலேசான பொய். யாருக்கும் கெடுதல் இல்லை.

அடைக்கலமேரி பதறிப்போனாள். நல்ல மனுஷி. விருந்துச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கென்று தனியாக மிளகு, சீரகம், இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ தட்டிப்போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். பெரிய டம்ளரில் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, குடிக்கக் குடிக்க முதுகைத் தடவிக் கொடுத்தாள். மாத்திரையின் வேகம் போன வாரத்தைவிடக் கூடியிருக்க வேண்டும். கஞ்சி தொண்டையில் இறங்கிய வழியெல்லாம் ஆனந்துக்குத் தெரிந்தது. கடைசி மடக்கில் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

சூசைமரியான் அதைப் பார்த்தார். உடனே உள்ளே போய்த் தன் கைக்கடிகாரத்தை எடுத்துவந்தார். வெளிநாட்டில் இருக்கிற தம்பி கொடுத்தது, பெட்டியில் வைத்து நல்ல நாளுக்கு மட்டும் கட்டுவது. ஆனந்த் இந்தத் தடவை பிடிவாதமாக மறுத்துவிட்டான். தான் எதற்கும் ஆசைப்படுகிறவன் இல்லை என்று எப்படியாவது காட்டியாக வேண்டுமே.

மறுத்தது இன்னும் வம்பாகப் போய்விட்டது. சூசைமரியான் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வேற என்ன வேணும்னாலும் கேளுங்க மாப்பிள்ளை, செஞ்சிர்றேன். அவ மனசு மட்டும் நோகக் கூடாது."

பெல்சியைத்தான் சொல்கிறார் என்று ஆனந்த் புரிந்துகொண்டான். சின்னது போதவில்லை, பெரிதாக எதையோ எதிர்பார்க்கிறான், கிடைக்காவிட்டால் தன் மகளைப் படுத்துவான் என்று இந்த மனுஷன் நினைக்கிறார். அன்று ராத்திரி அவனுக்கு இட்டிலியும் இறங்கவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆனந்த் ஒரு தீர்மானத்தோடு போனான். என்ன ஆனாலும் சரி, இலையில் விழுந்ததை ஒன்றுவிடாமல் சாப்பிடுவது. சாப்பிடுகிற மாப்பிள்ளையை யாரும் சந்தேகப்பட முடியாது.

சாப்பிட்டான். பசி என்கிற ஒன்று துளியும் இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, மலையையும் அகழியையும் தரைமட்டமாக்கினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வேகத்தில், "அத்தை, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்று கேட்டுவிட்டான்.

ஜெரால்டின் கையிலிருந்த செம்பு நழுவிக் கீழே விழுந்து உருண்டது. பெல்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அடைக்கலமேரியின் முகம் மட்டும் விளக்கேற்றியது போல மலர்ந்தது. இந்த வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான் மாப்பிள்ளை என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள்.

கால் மணி நேரம் கழித்து ஆனந்த் வைக்கோற்போருக்குப் பின்னால் குனிந்து நின்றான். உள்ளே போனதெல்லாம் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. யாரோ வந்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் மாமனார். அவர் கண்ணிலும் நீர்.

"எதுக்கு மாப்பிள்ளை இம்புட்டுக் கஷ்டப்படுறீக?" என்றார்.

வெயில் என்றான் ஆனந்த்.

அடுத்த வாரம் அவன் போய் இறங்கியபோது வீட்டு வாசலில் புது ஸ்கூட்டர் ஒன்று நின்றது. முன்னால் சாமந்தி மாலை, கைப்பிடியில் ஜெபமாலை. இது யாருக்கு என்று கேட்கவே ஆனந்துக்குப் பயமாக இருந்தது. கேட்காமலே சூசைமரியான் சாவியைக் கையில் திணித்தார். கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனான். தொழுவம் காலியாகக் கிடந்தது. வண்டி மாடு இரண்டும் இல்லை. முளைக்குச்சியும் கயிறும் மட்டும் இருந்தன.

"மாடெல்லாம் எங்க?" என்று ஜெரால்டிடம் கேட்டான்.

இளையாத்தங்குடியிலிருந்து ஒருத்தர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்று ஜெரால்டு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்பாவுக்கு அந்த மாடுகள் பிள்ளைகள் மாதிரி. இரண்டு நாளாகத் தொழுவத்துப் பக்கமே வரவில்லையாம்.

ஆனந்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்தான். இலை போட்டாகிவிட்டது. அடைக்கலமேரி கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் ஒங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்" என்றான்.

சூசைமரியான் பாய்ந்து வந்தார். "மாப்பிள்ளை, இங்க வேணாம். வாங்க, வெளிய போய்ப் பேசுவம்."

"இல்ல மாமா, அத்தை முன்னாலதான் சொல்லணும். சாப்பாட்டு விசயம்."

ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டான். பெல்சி ஓடிவந்து ஆனந்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது. ஆனந்த் எதற்கும் மசியவில்லை. மோதிரத்தைக் கழற்றி, ஸ்கூட்டர் சாவியோடு சேர்த்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். பேனாப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தான். முழங்கால் வலியில் ஆரம்பித்து டாக்டரம்மா, எடைமிஷின், அம்மாவின் கட்டளை வரை ஒன்று விடாமல் சொன்னான். தனக்கு மோதிரமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம்; பசிக்காததால்தான் சாப்பிடவில்லை; மாட்டை விற்க வைத்த பாவத்தைத் தன்னால் சுமக்க முடியாது என்று சொல்லி முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

ஜெரால்டு சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. பெல்சி ஆனந்தின் சட்டையை விட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றாள். கோபம் போலத்தான் இருந்தது, ஆனால் கண் சிரித்தது.

அடைக்கலமேரி மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் சமையல்ல குறை ஒண்ணும் இல்லையே?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல அத்தை. மாத்திரையால எனக்குத்தான் வாய்க்கு ருசி தெரியல."

சூசைமரியான் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடைக்கலமேரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரம்மா சொன்னபடி மாத்திரை எல்லாம் ஒழுங்காக முடியட்டும், அது வரைக்கும் ஒரு வாய்கூட வற்புறுத்த மாட்டேன் என்றாள். முடிந்ததும் மாப்பிள்ளை பெரிய லீவுக்கு இங்கேயே வந்து தங்க வேண்டும், மூன்று வேளையும் தன் கையால் ஆக்கிப் போட்டு, விட்டுப்போனதையெல்லாம் ஈடு கட்டிவிடுவதாகவும் சொன்னாள். ஜெரால்டு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்; பெல்சி மறுபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாரின் பாசத்தைக் கண்டு எல்லாரும் நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று ஆனந்துக்குத் தோன்றியது. அவனும் நெகிழ்ந்துதான் போனான்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட மாமனார் கூடவே நடந்து வந்தார். ஸ்கூட்டரைக் கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்ள ஜெரால்டு பேசிவிட்டானாம். நாளைக்கே இளையாத்தங்குடிக்குப் போய் மாடுகளை ஓட்டி வந்துவிடுவதாகச் சொன்னார். ஆளே பத்து வயது குறைந்தது போல நடந்தார். பெல்சி முன்னால் போய்ப் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூசைமரியான் ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆனந்தின் காதருகே வந்து குரலைத் தணித்தார்.

"மாப்பிள்ளை, அந்த மாத்திரையை ஒல்லியா இருக்கவுகளுக்கும் எழுதித் தருவாகளான்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. ஒங்க அத்தை மனசு நோகாம அவ சமையல்லேருந்து தப்பிக்க ஒரு வழி, முப்பது வருசத்துல இப்பத்தான் கண்ணுல பட்டிருக்கு."