கூட்டிருக்க ஒரு ஆள்

புது மெஷின் வீட்டுக்கு வந்த அன்று முத்துநாயகம் ஒரு சபதம் எடுத்தார். ஆவணி பிறப்பதற்குள் சண்முகவடிவைத் தன் கட்டிலுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். முடியாவிட்டால் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்கிற தன் பேரையே மாற்றி வைத்துக்கொள்வது.

சண்முகவடிவு வேறு யாரோ அல்ல. அவர் தாலி கட்டிய மனைவிதான். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கும் போய்விடவில்லை. பக்கத்து அறையில்தான் படுக்கிறாள். நடுவில் ஒரே ஒரு சுவர். கொத்தனார் எழுப்பிய சுவர்தான், ஆனால் மூன்று வருஷமாக அதைத் தாண்ட அவருக்கு வழி தெரியவில்லை.

எல்லாம் பழைய மெஷின் செய்த வேலை.

முத்துநாயகத்துக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். குறட்டை உச்சிக்குப் போகும். சட்டென்று அடங்கும். வீடே காத்திருக்கும். பிறகு குளத்தில் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு. வடிவு முப்பது வருஷம் இதைப் பொறுத்தாள். மூச்சு நின்றால் விலாவில் ஒரு குத்து விடுவாள், வந்துவிடும். அந்தக் குத்துதான் அவருக்கு முதல் வைத்தியம். பிறகு கடையில் பேரம் பேசும்போதே தூங்கி விழ ஆரம்பித்தார். ஏத்தன் வாழைக்குலைக்கு விலை கேட்டவரிடம் குறட்டையையே பதிலாகச் சொன்னார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். உடம்பெல்லாம் வயர் மாட்டிப் பார்த்துவிட்டு, காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிற ஒரு மெஷினை டாக்டர் எழுதிக்கொடுத்தார். நோய் அடங்கியது. தாம்பத்தியமும் அடங்கியது.

அந்த மெஷின் வயலில் ஓடுகிற பம்புசெட்டுக்குத் தம்பி. மாஸ்க் ஓரமாகக் கசிகிற காற்று நேராக வடிவின் கழுத்தில் அடிக்கும். ஆடிச் சாரலிலும் அவளுக்குத் தனியாக ஒரு ஃபேன். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று.

விளக்கை அணைத்த பிறகு பேசுவது வடிவின் வழக்கம். பால்காரி சொன்னது, எதிர்வீட்டுச் செசிலி மகளுக்கு வரன் வந்தது, மஸ்கட்டில் இருக்கிற மகள் ஜிஷா போனில் அழுதது, எல்லாம் இருட்டில்தான் வெளியே வரும். முத்துநாயகம் "ம்" கொட்டுவார். அதற்குமேல் அவருக்கு வேலையில்லை. மெஷின் வந்த பிறகு மூக்கும் வாயும் மாஸ்க்குக்குள் போய்விட்டன. ம் போய்விட்டது.

"செவிட்டுக் கல்லுகிட்டயா நான் பேசிட்டு கெடக்கேன்?" என்று ஒரு நாள் தலையணையை எடுத்துக்கொண்டு வடிவு எழுந்தாள். "ரெண்டு நாளு அந்த ரூமிலே படுக்கேன்."

அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

பழசு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், அதை மாற்றச் சொன்னார் டாக்டர். புதுசைக் கொண்டுவந்து மாட்டியவன் மெஷின் கம்பெனிப் பையன் அபின். டிபன் டப்பா அளவுதான் இருந்தது. மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க். ஸ்விட்சைப் போட்டான். வடிவு வாசலில் நின்று பார்த்தாள்.

"இது ஓடுதா, இல்ல சும்மா லைட்டு மட்டும் எரியுதா மக்கா?"

"ஓடுது அம்மா. காதக் கொண்டு வச்சுப் பாருங்க."

அவள் குனிந்து காதை வைத்தாள். "பூனை மூச்சு விடுத மாதிரில்லா இருக்கு! கொள்ளாம்."

கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு கொள்ளாமில் முத்துநாயகம் மனசுக்குள் கட்டிலில் இரண்டாவது தலையணையே போட்டுவிட்டார். ராத்திரி சாப்பாடு முடிந்தது. பாத்திரம் கழுவி முடிந்தது. வடிவு வந்தாள். புது மெஷினை ஒரு தடவை பார்த்தாள்.

"செரி, ஒறங்குங்க," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களுக்கு என்ன, சொல்லிவிடலாம். பேரன் பிறந்த பிறகு பெண்டாட்டியைப் பக்கத்தில் வந்து படு என்று கூப்பிடுவதா? நாலு பேர் கேட்டால் என்ன நினைப்பார்கள்? அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். ஆனாலும் அந்த நாலு பேரும் முத்துநாயகத்தின் மண்டைக்குள் வாடகை இல்லாமல் குடியிருந்தார்கள்.

அவருக்குப் புது மெஷினோடும் ஒத்துப்போகவில்லை. பழசு எடுத்த எடுப்பிலேயே முகத்தில் புயலடிக்கும். புதுசு மரியாதைக்காரன். கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தது. மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தே விடியவைத்தார். காலையில் அபினுக்குப் போன்.

"அது ஆட்டோ மெஷின் அண்ணாச்சி. நீங்க ஒறங்கினப் பொறவு தேவைக்குத் தக்கன காத்தக் கூட்டும்."

"ஏலே, அது காத்துத் தந்தாத்தான் நான் ஒறங்குவேன். நான் ஒறங்கினாத்தான் அது காத்துத் தருங்கிய. இதிலே யாருலே மொதல்ல விட்டுக்குடுக்கது?"

அபின் வந்து ஆரம்பக் காற்றைக் கொஞ்சம் கூட்டிவைத்தான். அடுத்த வம்பு வாயிலிருந்து வந்தது. மாஸ்க் மூக்கில் மட்டும் இருப்பதால், தூக்கத்தில் வாய் திறந்தால் மூக்கில் போன காற்றெல்லாம் வாய்வழியே புறப்பட்டுவிடும். தொண்டை காய்ந்து கருவாடாகிவிடும். அதற்கும் அபின் ஒன்று வைத்திருந்தான். தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் ஒட்டிக்கொள்கிற பட்டை. வெள்ளை நிறம்.

மறுநாள் காலை காப்பியோடு வந்த வடிவு கட்டிலைப் பார்த்தாள். மல்லாக்க நீட்டிப் படுத்த ஒரு உருவம். கைகள் நெஞ்சின்மேல். வெள்ளைத் துணியால் தாடை கட்டியிருக்கிறது. சத்தம் என்று ஒன்று இல்லை.

"எனக்க அம்மோ!" டம்ளர் தரையில் உருண்டது. "நேத்து ராத்திரி நல்லா கஞ்சி குடிச்சாரே!"

முத்துநாயகம் எழுந்து உட்கார்ந்து "என்னட்டி?" என்று கேட்கப் பார்த்தார். தாடை திறக்கவில்லை. "ம்ம்ம்?" என்றுதான் வந்தது. எழுந்து உட்கார்ந்து ம் கொட்டியதும் வடிவு போட்ட இரண்டாவது கூச்சலில் எதிர்வீட்டுச் செசிலி கதவைத் திறந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் வடிவுக்குக் கோபம் வந்தது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா சுமங்கலி இருக்க வீட்டிலே தாடை கெட்டிக் கெடக்கியளே, வெளங்குமா? அவுத்துத் தாங்க அந்தச் சவத்த!"

பட்டையை வாங்கிக்கொண்டு போனவள் சாயங்காலம் வேறொன்றோடு வந்தாள். அதே அளவு, அதே தையல். துணி மட்டும் அவளுடைய பழைய பச்சை ரவிக்கை.

"இதக் கெட்டிக்கிடுங்க. பச்சைன்னா தோஷம் இல்ல."

அன்று அதைக் கட்டிக்கொண்டு படுத்தார். கன்னத்தில் அந்தத் துணி பட்டுக்கொண்டே இருந்தது. சலவை சோப்புக்கு அடியில், சீரகமும் தேங்காயெண்ணெயும் கலந்த அவள் வாசனை கொஞ்சம் இருக்குமென்று நினைத்தார். மூக்கில் மாஸ்க். மோந்து பார்க்க வழியில்லை. மூன்று வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் போனது அன்றுதான். அழுகை வரும்போல இருந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்பதால் அடக்கிக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு யோசனை உதித்தது. மறுநாள் மத்தியானம் சோறு பிசையும்போது எடுத்துவிட்டார்.

"டாக்டர் ஒரு காரியம் சொன்னாரு, கேட்டியா. மெஷின் மாத்தினா பழகுத வரைக்கும் கூட்டிருக்க ஒரு ஆளு வேணுமாம். பக்கத்திலேயே படுக்கணுமாம்."

"அப்பிடியா? எதுக்கு?"

"மாஸ்க்கு நழுவினா எடுத்து வைக்கணும்லா."

"எத்தன நாளைக்கு?"

"ரெண்டு மாசம். கூடினாலும் கொறையாது."

வடிவு அவர் முகத்தையே பார்த்தாள். இன்னொரு அகப்பை தீயல் குழம்பை இலையில் விட்டாள்.

"செரி. நான் ஏற்பாடு செய்யுதேன்."

ஏற்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினார். சந்தைக்கு வந்த தோவாளைப் பூக்காரரிடம் ஒரு பந்து பிச்சிப்பூ வாங்கினார். போகிற வழியில் முகச்சவரமும் செய்துகொண்டார். புது மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பரபரப்பு இருந்திருக்காது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளேயிருந்து ஒரு பை இறங்கியது. பின்னாலேயே, ஆட்டோவை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பூதப்பாண்டியில் விவசாயம் பார்க்கிற வடிவின் தம்பி பகவதியப்பன் இறங்கினான்.

"அத்தான்! கூட்டிருக்க ஆளு வேணும்னு அக்கா போன் செஞ்சா. நான் இருக்கும்போ வேற யாரு?"

இதில் வடிவைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்கத்து வழக்கம் அது. ஆம்பிளை ஆஸ்பத்திரியில் படுத்தால் கூட்டிருக்கிறவன் மச்சினன். ஃபிளாஸ்க்கும் பாயுமாக வந்து இறங்குவது அவன் உரிமை, அவனை விட்டுவிட்டு வேறு ஆளை வைத்தால் குடும்பத்தில் சண்டை வரும். அக்கம்பக்கத்தில் எத்தனை மச்சினன்மாரை அப்படிப் பார்த்தவர் முத்துநாயகம்! அப்படியிருந்தும் கூட்டிருக்க என்ற அந்த வார்த்தையை அவர் வாயாலேயே சொல்லிவைத்தார்.

"பூவு சாமி படத்துக்கா? கொள்ளாம்," என்று பிச்சிப்பூவை வாங்கிய வடிவு, பாதியைப் படத்துக்குப் போட்டாள். மீதியைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் படுக்கப் போனாள். புது விரிப்பில் பகவதியப்பன் கையைக் காலைப் பரப்பினான்.

விளக்கை அணைத்ததும் பேசுவது அக்காவுக்கும் தம்பிக்கும் குடும்ப வழக்கம் போலிருக்கிறது. "அத்தான், செனை மாட்டுக்கு நேத்து என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தான். முத்துநாயகம் பச்சைப் பட்டைக்குள்ளிருந்து "ம்" கொட்டினார். வடிவுக்கென்று சேர்த்துவைத்த ம்கள் எல்லாம் பூதப்பாண்டி மாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதற்குப் பிறகு அவன் தூங்கினான். புறப்படும்போது அவன் வீட்டுக்காரி முகம் மலர வழியனுப்பினாளாம். எதற்காக என்பது அப்போது விளங்கியது. அவன் குறட்டைக்கு முன்னால் முத்துநாயகத்தின் பழைய குறட்டை தாலாட்டு. அதுவும் உச்சிக்குப் போனது. அடங்கியது. மூச்சு நின்றது. முத்துநாயகம் பதறிப்போய் விலாவில் ஒரு குத்து விட்டார். வந்தது. கூட்டிருக்க வந்தவனுக்கு அவர் கூட்டிருந்தார்.

தம்பியின் சங்கதியைக் கேட்ட வடிவு சும்மா இருக்கவில்லை. அவனையும் அதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவனுக்கும் வயர் மாட்டினார்கள். அதே நோய்தான். "அப்போ பழைய மெஷினு சும்மாத்தானே கெடக்கு டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் அதை ரிப்பேர் பார்த்து, காற்றின் அளவை மாற்றி, புது மாஸ்க் போட்டுப் பயன்படுத்தச் சொன்னார். அபினே வந்து மாட்டிவிட்டுப் போனான்.

ஆக, ஆவணி பிறந்தபோது முத்துநாயகத்தின் நிலைமை இது: மூக்கில் பூனை மெஷின். தாடையில் பச்சை ரவிக்கை. பக்கத்தில் மச்சினன். மச்சினன் மூக்கில் பம்புசெட்டு. மாஸ்க் ஓரத்துக் காற்று நேராக அவர் கழுத்தில்.

வடிவு மூன்று வருஷத்துக்கு முன் என்ன பட்டிருப்பாள் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. அதற்குமேல் தாங்கவில்லை. காலையில் பகவதியப்பன் பேப்பர் வாங்கப் போன நேரம் பார்த்து அடுக்களைக்கு வந்தார். வடிவு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி வடிவு. டாக்டர் ஒண்ணும் சொல்லல்லே."

"தெரியும்."

"எப்பிடி?"

"அண்ணைக்கே அபினுகிட்ட கேட்டேன். சிரிச்சான்."

"பின்ன எதுக்குட்டி அவனக் கூப்பிட்ட?"

துருவுவது நின்றது. "டாக்டர் சொன்னாருன்னா டாக்டருக்காகவா நான் வந்து படுக்கணும்? ஒங்களுக்கு வேணும்னா நீங்கல்லா கேக்கணும்."

முத்துநாயகம் அடுக்களைத் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மண்டைக்குள் இருந்த நாலு பேரையும் அன்றைக்கு வெளியே அனுப்பினார்.

"எனக்கு ஒறக்கம் வராததுக்கு மெஷினு காரணம் இல்ல பிள்ளே. இவன் வரதுக்கு முன்னால, அது சத்தமில்லாம ஓடுத நேரம், சொவருக்கு அந்தப் பக்கம் நீ திரும்பிப் படுக்கதும் வளையல் குலுங்குததும் கேக்கும். அதக் கேட்டுட்டே கெடப்பேன். நீ தனியாப் பேசுதியோன்னு காத வச்சுக் கேப்பேன். நீ இல்லாத கட்டிலு எனக்கு வேண்டாம். வந்திரு."

வடிவு முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். தேங்காய்ப் பூ கன்னத்தில் ஒட்டியது. அவர் கை நீட்டி அந்தப் பூவைத் தட்டிவிட்டார். அவள் தடுக்கவில்லை.

"இந்த ஒரு வாக்குக்குத்தான் மூணு வருஷமா காத்துக் கெடந்தேன்," என்றாள். "கேட்டிருந்தா அண்ணைக்கே வந்திருப்பேனே."

"இப்போ கேட்டாச்சுல்லா. இண்ணைக்கு வா."

"இண்ணைக்கு எப்பிடி? தம்பிக்கு மெஷினு புதுசுல்லா, ரெண்டு மாசத்துக்குக் கூடப் படுக்க ஒரு ஆளு வேணும்னு டாக்டர் நெசமாவே சொல்லிட்டாரு. அத்தான் இருக்காருன்னு நான் வாக்குக் குடுத்துட்டு வந்துட்டேன்."