முப்பது பூஜ்யங்கள் தேவை

பரீட்சையில் பிள்ளைகள் நன்றாக எழுதிவிட்டார்கள். குறையுமா என்று தனராஜ் மார்க்குகளை மறுபடி கூட்டிப் பார்த்தார்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அல்ஜீப்ராவுக்குத் தயார்செய்யும் தர்ம ஸ்தாபனம் ஒன்றுக்குச் சித்தூரில் அவர்தான் டைரக்டர். ஸ்தாபனம் என்பது ஒரு ஜீப், ஒரு கரும்பலகை, அவருடைய விசிட்டிங் கார்டு. போன வாரம் அறிமுகத்துக்காக வகுப்புக்கு வந்து, அந்தப் பலகையில் அவரே நாலு கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். பாடங்கள் தொடங்குமுன் ஒரு பரீட்சை, முடிந்தபின் ஒரு பரீட்சை. இரண்டுக்கும் நடுவில் மார்க் எகிற வேண்டும். எகிறினால்தான் திருப்பதிக் கமிட்டி ஸ்தாபனத்தை இன்னும் மூன்று வருஷம் உயிரோடு விடும். முதலிலேயே எண்பது வாங்கிவிட்டால் எங்கே போய் எகிறுவது?

"டீச்சர், தாராளமா மார்க் போட்டுட்டீங்க போல?"

"கமிட்டி அனுப்புன விடைய வெச்சித்தான் சார் திருத்துனேன்," என்றாள் பள்ளிக்கூடத்துக் கிருபாவதி டீச்சர்.

மறுநாள் அதே கேள்விகளுக்குப் பாதி நேரம் கொடுத்தார். எண்பது தொண்ணூறானது. பார்த்த கேள்விகளாயிற்றே என்று டைரக்டருக்கு மட்டும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கேள்விகளைத் தானே தயாரித்தார், விடைகளையும். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒருத்தர்கூட சரியா எழுதக் கூடாது. அத்தனையும் தப்பா இருக்கணும். புரிஞ்சிதா?"

பிள்ளைகள் விழித்தார்கள். "எல்லாருக்கும் ஜிலேபி," என்றதும் புரிந்துவிட்டது.

பரீட்சை முடிந்த கையோடு கமிட்டித் தலைவர் முனிரத்தினம் திருப்பதியிலிருந்து வந்து இறங்கினார்.

"பூஜ்யத்துல கிடக்கிற பிள்ளைங்க சார். தூக்கி நிறுத்தப் போறோம், பாருங்க," என்று தனராஜ் அவர் எதிரிலேயே தன் விடைகளை விரித்து வைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

முதல் தாள் நூறு. இரண்டாவதும் நூறு. முப்பது தாளும் நூற்றுக்கு நூறு.

"ஏமய்யா, அப்போ இந்தப் பசங்களுக்கு நீங்க எதுக்கு?" என்றார் முனிரத்தினம்.

தலைவர் பக்கத்தில் நிற்பதே தனராஜுக்கு மறந்துபோனது. அவருடைய டைரக்டர் தமிழும் கூடவே போயிற்று. முன்பெஞ்சில் இருந்த தபீதாள்மேல் பாய்ந்தார்.

"இன்னா சொன்னேன் நானு? தப்பா எழுதச் சொன்னா, மொத்தத்தையும் சரியா எழுதிக்கினு குந்தினுகீறீங்களே!"

தபீதாள் எழுந்தாள்.

"தப்பாத்தான் சார் எழுதனோம். அன்னிக்கி நீங்க வந்து போர்டுல சொல்லிக் குடுத்தீங்களே, அந்த மாதிரியே போட்டுட்டோம்."