டவாலி காத்த கரடு

ஒரு மலையை வெறும் தொண்டையால் காப்பாற்றிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரை எனக்கு நேரில் தெரியும். மலை என்று சொன்னால் மருங்காபுரிப் பக்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் வாயில் அது கரடு. கல்லும் முள்ளுமாக ஊருக்கு மேற்கே குந்தியிருக்கும் மொட்டைக் குன்று. மனிதரின் பெயர் டவாலி. பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஊரில் யாரும் அதை விசாரித்ததில்லை.

கோர்ட்டில் ஜட்ஜுக்கு முன்னால் வெள்ளை உடுப்பும் குறுக்குப் பட்டையுமாக நடந்து, வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்களே, அந்த டவாலி உத்தியோகத்தைத் திருச்சியில் பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். குரலைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். அவர் வீட்டில் காபி கேட்டால் பக்கத்து ஊரில் பால் பொங்கும்.

நான் அப்போது மன்னார்புரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வறண்ட கிராமங்களில் ஊர்க்காரர்களே கூடி நிலத்தைத் தேற்றுவதற்குக் கூடமாட நிற்பது எங்கள் வேலை. ஸ்ரீரங்கத்தில் காவிரியைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, தண்ணீர் என்பது கெஞ்சிக் கூத்தாடி வரவழைக்க வேண்டிய விருந்தாளி என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. கரட்டில் சரிவுக்குக் குறுக்கே குழி வெட்டி, மரம் வைத்து, மூன்று வருஷம் ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் மழைத் தண்ணீர் ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்கும். கீழே கிணறுகள் ஊறும். ஊர் கூடி ஒப்புக்கொண்டது. காவலுக்கு டவாலியைப் போட்டார்கள்.

"அபராதம் பணமா வேண்டாங்க. குத்தம் பண்ணவன் ஒரு குழி வெட்டி ஒரு கன்னு வெக்கட்டும். துளிர்க்கிற வரைக்கும் தண்ணி ஊத்தட்டும்" என்று அவர்தான் சொன்னார். மனிதனோ ஆடோ உள்ளே கால் வைக்கக் கூடாது, அரிவாள்கூட ஆகாது என்பதும் அவர் போட்ட சட்டம். புல்லோடு சேர்த்துக் கன்றையும் அறுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

நான் பார்த்த முதல் வழக்கில் குற்றவாளி ஓர் ஆடு. உள்ளே புகுந்து வேப்பங்கன்றைச் சுவைபார்த்துக்கொண்டிருந்தது. டவாலி எல்லைக்கல் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"கருப்பீ... கருப்பீ... கருப்பீ!"

மூன்றாவது கூப்பாட்டுக்கு அது தலையைத் தூக்கி "மே" என்றது.

"ஆஜர். நீங்க சாட்சிங்க" என்றார் என்னிடம். ஆட்டுக்குப் பதிலாக ஆட்டின் சொந்தக்காரர் குழி வெட்டினார்.

அடுத்து ஒரு கல்யாண ஜோடி. ஆல்பத்துக்குப் படம் எடுக்க பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக ஏறி, தலைக்கு மேலே ட்ரோனை வேறு பறக்க விட்டார்கள். டவாலி ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பெயரை மூன்று தடவை கூப்பிட்டதில், சம்பந்தமே இல்லாத மாமனார் பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சுங்க" என்று அவர் கெஞ்சிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேந்துதானே ஏறுனாங்க? கூட்டுக் குத்தம். ஒரே குழியச் சேந்து வெட்டட்டும், சீக்கிரம் முடிஞ்சுரும்."

வெட்டினார்கள். அந்த ஆல்பத்திலேயே நன்றாக வந்த படம் அதுதானாம்.

இரண்டாவது வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. காடு மேடெல்லாம் காய்ந்து, பச்சை என்று இருந்தது கரட்டில் மட்டும்தான். ராசாத்தி என்று ஒரு பெண். கணவரில்லை, பத்துப் பன்னிரண்டு ஆடுகள்தான் அவளுக்குச் சொத்து, சோறு எல்லாம். தீனியில்லாமல் அவை எலும்பாகி நின்றன. அடுத்த சந்தைக்கு ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தவள், கடைசியாக டவாலியிடம் வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"மாமா, உள்ள முழங்கா ஒசரத்துக்குப் புல்லு நிக்குது. ஆடு ஏறாது. நான் மட்டும் போயி ரெண்டு கட்டு அறுத்துக்கறேனே?"

"இன்னைக்கு உன்னய விட்டா நாளைக்கு ஊரே நிக்கும்மா. சட்டம்னா சட்டந்தான்."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் திருச்சி வரும்வரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த முறை நான் போனது ஊர்க்கூட்டத்துக்கு. ராசாத்தியின் ஆடுகள் சந்தைக்குப் போகவில்லை. தினமும் விடியும்போது பட்டியில் ஒரு புல்லுக்கட்டு கிடக்கிறதாம், யார் போடுகிறார்கள் என்று தெரியவில்லையாம். சமுதாயக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் டவாலி எழுந்து வாசலுக்குப் போனார்.

"கோவிந்தராசு... கோவிந்தராசு... கோவிந்தராசு!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வெளியூர் ஆளா இருக்கும்ங்க. யாருகிட்டயாவது போன் நம்பர் இருக்கா?" என்றார் டீக்கடை சுப்பையா.

டவாலி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆஜருங்க" என்றார். "உள்ள போயி புல்லறுத்தது நாந்தாங்க. அந்தப் புள்ள மொகத்தப் பாத்துட்டு எனக்குத் தூக்கம் வரல."

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் அங்கேயே சட்டத்தை மாற்றியது. ஆடு ஏறக் கூடாது. வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துப் போய்க் கன்றுக்குச் சேதமில்லாமல் கையால் புல் அறுத்துக்கொள்ளலாம். அவள் ஆடுகள் பிழைத்தன. ஊரார் ஆடுகளும் பிழைத்தன. அத்தோடு வழக்கு முடிந்தது என்று எல்லோரும் எழுந்தார்கள்.

"எங்க போறீங்க? சட்டத்த மாத்துனது இன்னைக்கு. நான் தப்புப் பண்ணது போன வாரம். குழி குழிதான்."

எழுபதைத் தாண்டிய மனிதர், முட்டிவலிக்காரர், கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கரடேறினார். ஊரே பின்னால் போனது. முதல் குத்து கல்லில் பட்டுத் துள்ளியது. நாலாவது குத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பையன் கடப்பாரையை வாங்கப் போனான்.

"தொடாத! அவனவன் குழிய அவனவந்தான் வெட்டணும்."

ராசாத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அந்தப் புல்லத் தின்னது என் ஆடு மாமா. கூட்டுக் குத்தம்தான? நகருங்க."

அவர் நகர்ந்து இடம் விட்டார். உடனே சுப்பையா, "அருவா குடுத்தது நாந்தாங்க" என்றார். அந்த ஒரே அரிவாளைத் தாங்கள்தான் கொடுத்ததாக இன்னும் நாலு பேர் ஒப்புக்கொண்டார்கள். கட்டைத் தலையில் தூக்கிவிட்டதாக ஒருவர், கயிறு தன் வீட்டுக் கயிறு என்று ஒரு கிழவர். போகிற போக்கில் பார்த்தும் காட்டிக்கொடுக்காததற்காகத் தெருவே கை தூக்கியது. ஒரு கன்றுக்கு வெட்ட வேண்டிய குழி கிணறாகிவிடும் போலிருந்தது.

நானும் மண்வெட்டியை எடுத்தேன். "புல் எந்தப் பக்கம் செழிப்புன்னு சொன்னது நான்தாங்க."

"நீங்க அந்த வாரம் ஊர்லயே இல்லீங்களே?"

"போன்ல சொன்னேங்க."

அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "கோர்ட்டுல எத்தனையோ பொய்சாட்சியப் பாத்திருக்கேன். இப்பிடி ஒரு கூட்டத்தப் பாத்ததில்லைங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் குரல் அவ்வளவு மெல்ல ஒலித்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அவருக்காகச் சொன்ன அந்த ஒன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.