பூச்சி சார் காளான் வென்ற படலம்

ஒற்றுப்பிழைகளின் கூற்றுவன், விடுபட்ட புள்ளிகளை மீட்டுத் தந்த வள்ளல், அச்சகத்துப் பிழைதிருத்தும் மேசையின் தனிப்பெருந்தலைவன், எறும்பின் மீசையையும் தட்டானின் தொடையையும் படம்பிடித்துப் பாரறியச் செய்தமையால் உற்றாராலும் உடன் பணிபுரிவோராலும் ‘பூச்சி சார்’ என்று விருதுப்பெயர் சூட்டப்பெற்ற பெருந்தகை வாழ்க! அவர் வலக்கண் வாழ்க! வலக்கண் பார்க்கும்போதெல்லாம் இறுக மூடிக்கொண்டு ஒத்துழைக்கும் இடக்கண்ணும் வாழ்க! முழங்கால்களை மட்டும் வாழ்த்துவதற்கில்லை. இக்கதையின் துயரெல்லாம் அவற்றால் விளைந்ததே.

முன்னொரு காலத்தில், அதாவது போன வருஷம் வரைக்கும், புல்தரையோ சேற்றுத்தரையோ சிமெண்டுத்தரையோ, ஊர்வன ஒன்றைக் கண்ட மாத்திரத்தில் தடாலென்று குப்புற வீழ்ந்து, வயிற்றைக் கேடயமாக்கி, முழங்கைகளைத் தூணாக ஊன்றி, கன்னத்தை மண்ணில் பதித்துக் கேமராவின் கண்துளையில் விழி பொருத்துவது அவர் போர்முறையாக இருந்தது. மனிதர் மயங்கி விழுந்துவிட்டார் என்று வழிப்போக்கர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்ததும் உண்டு. அந்தத் தண்ணீரை வாங்கிப் பூச்சிக்கு முன்னால் இலையில் தெளித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டதும் உண்டு. அத்தகைய வீரரின் வலது முழங்கால், ஒரு வெட்டுக்கிளியைத் துரத்திய வேகத்தில் உள்ளே எதுவோ கிழிந்து, அறுவைக்கூடத்தில் தைக்கப்பட்டது. எலும்பு மருத்துவர் மாற்றமில்லா ஆணையொன்று பிறப்பித்தார்.

"மண்டி போடக்கூடாது, குந்தக்கூடாது, தரையில உக்காரவே கூடாது சார். மீறினீங்கன்னா மறுபடியும் எங்கிட்டதான் வரணும்."

அன்று அலமாரிச் சிறை புகுந்தது கேமரா. அன்று முதல் பூச்சி சாரும் வேறு ஆளாகிப் போனார். நாளிதழில் வந்த பிழைகளை வீடே அதிர வாசித்தார். சுவர்க் காலண்டரோடு சண்டை போட்டார். சன்னல் விளிம்பில் ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய சர்க்கரைக் கட்டியை இழுத்துக்கொண்டு போனால், அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்ட அவர் துணைவியாரால், கடைவாய்ச் சொத்தைகளின் காலனாகிய அந்தப் பல் மருத்துவரால், இந்த முகத்திருப்பலை மட்டும் பொறுக்க முடியவில்லை.

ஆகவே ஒரு மாலை பார்சல் ஒன்று வந்திறங்கியது. அதனுள், பஞ்சணையில் துயிலும் இளவரசனைப்போல, முழங்கையாய் வளைந்த சிறு கருங்குழாய் ஒன்று கிடந்தது. கேமராவின் கண்துளையில் அதை மாட்டிவிட்டால், மேலிருந்து கீழே குனிந்து பார்ப்பவனுக்கு, நேர் எதிரே இருப்பது தெரியும். செங்கோண நோக்கி என்பது அதன் திருநாமம்.

"இத மாட்டிப் பாருங்க. ஸ்டூல்ல உக்காந்துட்டே தரையில இருக்கறதப் பாக்கலாமாம்," என்றார் துணைவியார்.

"இதெல்லாம் எதுக்கும்மா இப்ப?" என்று சலித்துக்கொண்ட பெருந்தகை, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் உறங்கினார்.

அவ்விரவு பொழிந்த மழையின் கொடையாக, விடியலில், கொல்லைப்புறத்துக் குழாயடியில், இரண்டு சிமெண்டுப் பலகைகளின் இடுக்கிலிருந்து மூன்று காளான்கள் எழுந்து நின்றன. விரற்கணு உயரமே ஆயினும் விண்ணை முட்டும் செருக்கு! பால்நிற மேனி! இழை இழையாக மடிந்த பாவாடை! மதிற்சுவரை ஏறிக் கடந்து கதிரவன் எட்டிப்பார்த்தால் அக்கணமே தலை கவிழ்ந்து மடியும் அற்பாயுள்! சன்னல் வழியே அவற்றைக் கண்ட பூச்சி சார் படுக்கையினின்றும் பாய்ந்தார்; பாய்ந்தார் என்பது காவிய மரபு, உண்மையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அலமாரிச் சிறை திறந்தது. பிளாஸ்டிக் ஸ்டூல் அரியணையாயிற்று. சாண் உயர முக்காலியில் கேமரா காளான்களின் முன் நிறுத்தப்பட்டது. கால்களை இருபுறமும் அகல நீட்டி அமர்ந்து, களம் நோக்கிக் கர்ஜித்தார்.

"காளான்காள்! கதிரவன் உங்களைக் கொல்லுமுன் நான் உங்களைச் சாகாதவர்களாக ஆக்குவேன்! அசையாது நில்லுங்கள்!"

அவை அசையாதுதான் நின்றன. அசைந்ததெல்லாம் மற்றவையே.

முதற்போர் ரப்பரோடு நிகழ்ந்தது. கண்துளையைச் சுற்றிப் பல்லாண்டு காவல் நின்ற ரப்பர் வளையம், புதியவனுக்கு வழிவிட மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்க, நகத்தால் நெம்பியும், பல்லைக் கடித்து இழுத்தும், இறுதியில் அது பட்டென்று தெறித்துப் போய்க் குழாயடியில் கிடந்த நீலவாளியில் விழ, செங்கோண நோக்கி தன் தவிசேறியது. இரண்டாம் போர் மூடுபனியோடு. உள்ளே பார்த்தால் உலகம் கரைத்த மாவுபோல் கிடந்தது. நோக்கியின் கழுத்து வளையத்தை இம்மியிம்மியாகத் திருகத் திருக, மாவு தெளிந்து மண்ணாயிற்று, மண் தெளிந்து மணலாயிற்று, மணலில் ஒவ்வொரு துகளும் தனித்தனி ஒளிவிட்டது. பூச்சி சாரின் நெஞ்சு விம்மியது. நெடுநாளைக்குப் பின் தரையை அத்தனை அருகில் பார்க்கிறார்!

ஆனால், அந்தோ, மூன்றாம் போர்! அந்நோக்கியின் வயிற்றில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி; ஆதலின் அது இடத்தை வலமாக்கி வலத்தை இடமாக்கிக் காட்டும் மாயாவி. இடப்பக்கம் காளான் தெரிகிறதே என்று கேமராவை இடப்பக்கம் திருப்பினால், காளான் இன்னும் தொலைவில் ஓடி மறைந்தது. துரத்தினார், சுவர் வந்தது. மீண்டார், நீலவாளி வந்தது. சுழன்றார், மயிரடர்ந்த விகார உருவொன்று வட்டத்தை நிறைத்து நிற்கக் கண்டு திடுக்கிட்டார், அது அவருடைய சொந்தக் கால் கட்டைவிரல். எழுத்துப்பிழை ஒன்றையும் தப்பவிடாத அக்கண்கள், எதிரிலேயே நின்ற மூன்று காளான்களைத் தேடித் தவித்தன. மதில்மேல் வெயிலின் மஞ்சள் கரை தோன்றி, அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கத் தொடங்கியது.

அத்தருணத்தில் களம் புகுந்தான் மைத்துனன். துணைவியாரின் தம்பி, செல்போன் கடை வைத்திருப்பவன், முழங்கால் நோவு அறியாப் பருவத்தினன்.

"எதுக்கு மாமா இவ்ளோ பாடு? கேமரா முதுகுலதான் ஸ்கிரீன் இருக்கே?"

"அது மடங்காதுடா. பழசு. அதப் பாக்கணும்னா நானும் தரையிலதான் கெடக்கணும்."

"அப்ப செல்லுல எடுத்துட்டாப் போச்சு," என்றவன், வீரர்கள் வாழ்நாளெல்லாம் கனாக்காணும் எளிமையோடு குந்தினான், செல்போனைத் தலைகீழாகப் பிடித்தான், தொட்டான், எழுந்தான். "பாருங்க, முடிஞ்சுது."

பூச்சி சார் பார்த்தார். அழகான படம்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அது நீ எடுத்தது."

இச்சொல்லைச் சொன்ன குரலில் காவியம் சற்றே குறைந்திருந்தது. அவர் இடக்கை ஸ்டூலை விட்டு மெல்ல நகர்ந்து தரையைத் தொட்டது. உடல் சாய்ந்தது. தைக்கப்பட்ட வலது முழங்கால், தடைசெய்யப்பட்ட அந்தப் பழைய தேசத்தை நோக்கி இறங்கலாயிற்று.

"ஏங்க! என்ன பண்றீங்க? காலு!"

கிளினிக் புறப்படத் தயாராய்க் கைப்பையோடு நின்ற துணைவியாரின் குரல் கொல்லையைப் பிளந்தது. முழங்கால் அந்தரத்தில் நின்றது. அவர் விரைந்து வந்து கணவரின் தோளைப் பிடித்து ஸ்டூலில் மறுபடி அமர்த்தி, குனிந்து தாமே நோக்கியில் கண்வைத்தார். கைப்பையைக் கூட இறக்கவில்லை. கேமராவை ஒரு நொடியில் திருப்பி, மூன்று காளான்களையும் வட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மறுநொடியே வேண்டுமென்றே கலைத்துவிட்டார்.

"எப்படிம்மா?"

"நான் நாள் முழுக்கக் கண்ணாடில பாத்துத்தானேங்க பல்லத் தோண்டறேன்? காலேஜ்ல மொதல்ல கை எதிர்ப்பக்கமாவே போகும். ஒரு மாசம் அழுதேன். காளான் எந்தப் பக்கம் தெரியுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்க. கண்ணு வேணாம்னு கத்தும், கேக்காதீங்க. கை பழகிக்கும்."

"எனக்கு வயசாயிடுச்சும்மா."

"முட்டிக்குத்தான் வயசாச்சு. கைக்கு என்ன?"

பூச்சி சார் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "இனிமே இங்க வரவே முடியாதுன்னு நெனச்சுட்டேன்."

"நீங்க ஏன் வரணும்? அதான் தரையே மேல வந்துடுச்சே. பாருங்க, வெயில் வருது."

வந்தேவிட்டது. முதற்காளான் தலை சாய்ந்தது. இரண்டாவது சுருண்டது. எஞ்சிய ஒன்றைக் காக்க மைத்துனன் உள்ளே ஓடி, மடக்குக் குடையோடு மீண்டு, வெயிலுக்கும் அதற்கும் நடுவே விரித்து நின்றான். குடைக்குக் குடை பிடித்த அக்காட்சியைக் கண்டு துணைவியார் சிரிப்பை அடக்க மாட்டாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இடம் தெரிந்ததை வலம் தள்ளினார் பூச்சி சார். கண் கத்தியது, கேளார் ஆயினார். வாளி வந்தது, போயிற்று. கட்டைவிரல் வந்தது, போயிற்று. நோக்கியின் வட்டத்துக்குள், ஒரு விளிம்பிலிருந்து, தயங்கித் தயங்கி, ஒரு வெண்குடை நகர்ந்து வந்து நடுவில் நின்றது. மூச்சை நிறுத்தினார். கொல்லையே மூச்சை நிறுத்தியது.

க்ளிக்.

அந்த ஒற்றை ஒலி மதிலில் மோதி, வாளியில் எதிரொலித்து, காகங்களைக் கூரையினின்றும் எழுப்ப, மைத்துனன் குடையை வெற்றிக்கொடியென உயர்த்தி ஆட்ட, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே அந்தப் படத்தை இரண்டு முறை காட்டச்சொல்லிப் பார்த்த துணைவியாரின் கரத்தைப் பற்றி எழுந்து நின்று, "எறும்புகாள், நத்தைகாள், தலைகுனிந்து பூக்கும் சிறுபூக்காள், இன்று முதல் எவரும் என்னிடமிருந்து தப்ப எண்ணாதீர்!" என்று எண்திசையும் அதிரப் பறைசாற்றிய பெருந்தகை, எறும்பின் மீசைக்கு இறைவன், செங்கோண நோக்கியின் செல்வன், முழங்காலால் வீழ்ந்து கையால் எழுந்த மாவீரர், வெயில் கொண்டுபோகுமுன் வெண்குடை கவர்ந்த வேந்தர் பூச்சி சார், உள்ளே போய்ப் பல் தேய்த்தார்.