எயாரண்ணனின் வேனும் என் பெருவிரலும்

கெலிஓயாவிலிருந்து கண்டி வரைக்கும் எயாரண்ணனின் வேன் நிற்காத இடமே கிடையாது, பஸ் ஹோல்ட்டுகளைத் தவிர. அந்தப் பாதையில் எந்த மரத்துக்கு எத்தனை மணிக்கு நிழல் விழும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எல்லாம் அவர் புண்ணியம்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. எது பழுதானாலும் அவருக்கு ஒரே காரணம்தான்: எயார், அதாவது உள்ளே புகுந்த காற்று. குழாயில் தண்ணீர் வராவிட்டால் எயார். என் முழங்கால் வலித்தால் எயார். பக்கத்து வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் முகம் கொடுத்துப் பேசாவிட்டால்கூட, "எங்கயோ எயார் புகுந்திருச்சி தம்பி" என்பார். கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் அவருக்கு வேலை. அவருடைய டீசல் வேன் அந்தக் கடையைவிடப் பழையது.

டீசலுக்கு எல்லோரும் வரிசையில் கிடந்த காலத்தில், யாரிடமோ வாங்கிய கேன் டீசலில் தண்ணீர் கலந்திருந்து வேன் நடுரோட்டில் படுத்துவிட்டது. அன்றோடு அவர் எந்த டீசலையும் நம்புவதில்லை, எந்தக் கராஜையும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் முன் சீட்டைத் தூக்கிவிட்டு டீசல் ஃபில்டரைக் கழற்றுவார். அடியில் தங்கியதை ஜேம் போத்தலில் பிடித்து, தண்ணீர் இருக்கிறதா என்று வெயிலுக்குத் தூக்கிப் பார்ப்பார். அவர் வீட்டு மதிலில் அப்படி வரிசையாகப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருக்கும். பிறகு அதே பழைய ரப்பர் வொஷரைத் துடைத்துத் திரும்பப் போட்டுப் பூட்டுவார்.

"புதுசு ஒன்னு போடலாமே அண்ணே?"

"இது நம்மளோட பழகின வொஷர் தம்பி. புதுசு நம்மள மதிக்காது."

ஞாயிறு அவர் கழற்றுவார், திங்கள் வேன் நிற்கும். அநேகமாகப் பேராதனைப் பூங்கா வாசலில். அவரோடு தினமும் கண்டிக்குப் போகிறவர்கள் நானும் பரீத் நானாவும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; அவருக்குக் கண்டியில் செருப்பு, சப்பாத்துக் கடை. வேன் நின்றதும், டீசலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற ஆளுக்கொரு உத்தியோகம். ஃபில்டரின் தலையிலுள்ள கைப்பம்பைப் பெருவிரலால் அமுக்குவது நான். பக்கத்திலுள்ள சின்ன நட்டைத் தளர்த்துவது அண்ணன். அதன் வழியே நுரைத்துக்கொண்டு வரும் டீசலில் குமிழி நின்றுவிட்டதா என்று குனிந்து பார்ப்பது நானா.

"குமிழி நிக்கிதா நானா?"

"எங்க நிக்கிற? சோடா போத்தல் தொறந்த மாதிரி வருது! யா அல்லாஹ், என்ட சேர்ட்டு!"

"அமுக்குங்க தம்பி, விடாதீங்க!"

அமுக்கிக்கொண்டே மணிக்கூட்டைப் பார்ப்பேன், நான் வேலை பார்க்கும் கந்தோருக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். எங்கள் கந்தோரில் காலையில் நேரம் தவறாமல் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார்கள். கோட்டுக்குக் கீழே கையெழுத்து விழுந்தால் லீவில் வெட்டு. அப்போது என் மனைவி கலாவுக்கு ஏழு மாதம். பிரசவத்துக்கென்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த லீவை, அந்த வேன் வாரம் ஒரு கடியாகக் கடித்துக்கொண்டிருந்தது. கந்தோரின் பெரிய கிளாக்கர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னும் ரெண்டு கோடு விழுந்தா, புள்ளையப் படத்துலதான் பாக்கணும்."

அன்றே பஸ்ஸுக்கு மாறினேன். நானாவும் சேர்ட்டைக் காப்பாற்றிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். எயாரண்ணன் கோபிக்கவில்லை. "போங்க தம்பி, புள்ளதான் முக்கியம்" என்றார். தினமும் தனியாக எங்களைக் கடந்து போவார். வேன் நின்றதா, போனதா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை ஆறரைக்குக் கலாவுக்கு வலி வந்துவிட்டது. அந்த நேரத்தில் எங்கள் பக்கத்து ஓட்டோ எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போயிருக்கும். நான் ரோட்டுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது வேன் வந்து வாசலில் நின்றது.

"ஏத்துங்க தம்பி தங்கச்சிய."

வேறு வழி? ஏற்றினேன். பூங்கா வாசல் நெருங்கியது. பெருவிரலைத் தயாராக நீட்டி வைத்துக்கொண்டேன். வேன் நிற்கவில்லை! வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"என்னண்ணே செஞ்சீங்க?"

"ஒன்னுமே செய்யல தம்பி. நீங்க ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் பம்ப் அடிக்க ஆளில்ல. ஃபில்டர ரெண்டு மாசமா கழட்டவே இல்ல."

பின் சீட்டிலிருந்து, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில், கலா கேட்டாள்: "அப்போ கழட்டினதாலதான் இத்தன நாளும் நின்னிச்சா அண்ணே?"

எயாரண்ணன் ஹோர்னை அமுக்கியபடி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பத்து மணிக்கு மகள் பிறந்தாள். அவர் ஆஸ்பத்திரி கேட்டடியிலேயே காத்திருந்தார். சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது.

"அப்போ எயார நான்தான் ஏத்திக்கிட்டு இருந்திருக்கேன். ஒங்க லீவையெல்லாம் நான்தானே தம்பி தின்னுட்டேன்."

லீவு முடிந்து, ஒரு திங்கட்கிழமை நானும் நானாவும் பழையபடி அந்த வேனில் ஏறினோம். மதிலில் போத்தல்கள் இல்லை. புது வொஷர், புது ஃபில்டர், எல்லாம் கராஜில் போட்டதாம். அண்ணன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். எயார் என்ற சொல் வரவில்லை. வேன் ஒழுங்காக ஓடியது, எனக்குத்தான் அண்ணன் இப்படி ஓய்ந்திருப்பதைத் தாங்க முடியவில்லை.

பூங்கா வாசல் வந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, லேசா எயார் எடுக்கிற மாதிரி இல்ல?"

நானா என்னை முறைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். அண்ணனின் பிடரியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "ஓ... எனக்கும் கேக்குது."

"நானும் அப்பவே நெனச்சேன் தம்பி!"

வேன் ஓரங்கட்டியது. ஸ்பேனர் அவர் சேர்ட் பையிலேயே இருந்தது. நான் பெருவிரலைப் பம்பில் வைத்தேன், நானா சேர்ட் கையை மடித்துக்கொண்டு குனிந்தார்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அதற்குக் கீழே, டீசல் விரலோடு, ஆறுதலாகக் கையெழுத்துப் போட்டேன்.