டிக்கிக்குள் நித்யா

கல்பாக்கம் குடியிருப்பில் ஆபத்தானது எது என்று கேட்டால், வெளியூர் உறவினர்கள் அணு உலை இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் ஆக்‌ஷன் அக்காவின் வாசலைக் காட்டுவார்கள்.

மகன் கல்யாணம் முடிந்த மறுவாரம் அக்கா டிபன் பாக்ஸ்களைப் பரணில் ஏற்றினாள். ஐம்பது வயதுவரை சாம்பார் வைத்தது போதுமாம், இனி சினிமாவாம். கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டிச் சிரிப்பு த்ரில்லர் ஒன்றைத் தொடங்கியே விட்டாள். சமையலில் அலுத்துப்போன பெண்மணி துப்பறிய இறங்கும் கதை. அந்தப் பெண்மணி, சந்தேகமென்ன, அக்காதான். வில்லன் அவள் கணவர். அணு உலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எறும்புக்கும் வழிவிட்டு நடப்பார்.

முதல் காட்சி மாமல்லபுரம் கடற்கரையில். "புடிங்க அவனை!" என்று அக்கா துரத்த, சுற்றுலா வந்தவர்கள் நிஜமென்று நம்பி அவரை நாலு சாத்து சாத்தினார்கள்.

"கட் சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் பாவம்.

"இன்னாய்யா நீ! அந்த மூஞ்சி நடிச்சா வருமா?"

அடுத்து, கடத்தப்படும் பெண் வேண்டுமென்று என் வீட்டுக்கு வந்தாள். நான் முடியாது என்றேன். கல்லூரி விடுமுறையில் இருந்த என் மகள் நித்யா சரி என்றாள். எங்கள் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது ஊருக்கே தெரியும்.

காட்சி எளிமையானது. வில்லன் நித்யாவின் கையைக் கட்டி, அக்காவின் கார் டிக்கியில் போட்டுப் பூட்டுவார். சைரன் ஒலிக்கும். தெருவே அலறிக்கொண்டு ஓடும். அக்கா பாய்ந்து வந்து காப்பாற்றுவாள்.

"ஆக்‌ஷன்!"

ஸ்பீக்கரில் சைரன் அலறியது. எங்கள் ஊரில் சைரன் கேட்டால் ஓடக்கூடாது; வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஒத்திகை பார்த்துப் பார்த்து அது உடம்பில் ஊறிவிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் தெரு காலி. நானும் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்தி நின்றேன்.

அப்புறம்தான் உறைத்தது. நித்யா! தெருவுக்கு ஓடினேன்.

பட்டப்பகல் வெயிலில் கார் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளிருந்து தட்டும் சத்தம். சாவி வில்லன் பையில்; வில்லன் வீட்டுக்குள். அக்கா தன் வீட்டுக் கதவை உடைக்காத குறையாக இடித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், சாவிய குடுய்யா!"

"அறிவிப்பு வரட்டும்," என்றது ஈரத்துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அது நம்ம ஸ்பீக்கருய்யா! பொண்ணு உள்ள கீது!"

"ஒத்திகைன்னாலும் விதி விதிதான்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போதும் நினைவில்லை. தட்டும் சத்தம் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

யாரையும் சாயக்கூட விடாத புதுக் கார் அது. அக்கா வாசலில் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கிப் பக்கக் கண்ணாடியில் ஒரே போடு போட்டாள். கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்து, பின்சீட்டைச் சாய்த்து, என் மகளை வெளியே இழுத்தாள். அக்காவின் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

நித்யா வியர்வையில் நனைந்திருந்தாள். "ஆன்ட்டி, ஷாட் ஓகேவா?" என்றாள். நான் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. நேற்று, கையில் கட்டோடு வந்து நின்றாள்.

"சுதா, அந்த சீனு பாதியில நிக்குதும்மா. நீ வேணாம்னா படத்தையே வுட்டுடறேன்."

"டிக்கி கூடாது. பின்சீட்டு. கண்ணாடி இறக்கியிருக்கணும். வண்டிய நான்தான் ஓட்டுவேன்."

"ஒனக்கு ஓட்டத் தெரியாதேடி?"

"நீங்க கத்துக்குடுங்க அக்கா."