சப்டைட்டிலுக்குத் தனிக் காசு

கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எவன் செலவு கண்ணில் பட்டாலும் அதில் கொஞ்சமாவது குறைத்துவிட வேண்டும் என்று கை அரிக்கும். அந்த வியாதி முற்றி, சொந்தச் செலவில் கை வைக்கப்போய், சூளகிரியில் ஒரு கம்பெனியின் ஏசி அறையில் உட்கார்ந்து என் மானம் போவதை நானே தலையாட்டி ரசித்திருக்கிறேன். (இதை நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் நடிப்போடு சேர்த்துச் சொல்வாள்.)

ஓசூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். ஜிஎஸ்டி, வருமான வரி, மாதாந்திரக் கணக்கு. முறைப்படி பார்த்தால் நான் ஆடிட்டர் இல்லை, வரி ஆலோசகர்தான். ஆனால் இந்த ஊரில் லேப்டாப்பும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்திருக்கிறவன் எல்லாம் ஆடிட்டர்தான். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் லேத் பட்டறைக்காரர்கள். மாசம் பூரா பில்களை ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டு வைத்திருந்து, கடைசித் தேதிக்கு முந்தின சாயங்காலம் எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்து மேஜைமேல் கொட்டுவார்கள். "என்னா சார் இருக்குது இதுல, ஒரு பட்டனைத் தட்டுனா முடிஞ்சுது" என்பார்கள்.

அந்தப் பட்டனைத் தட்டுகிறவள் என் மனைவி சுமதி. கல்யாணத்துக்கு முன் சேலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். "கொஞ்ச நாளைக்கு உதவி பண்ணு, ஆள் கெடைச்சதும் விட்டுடலாம்" என்று சொல்லித்தான் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தேன். அந்தக் கொஞ்ச நாள், எங்கள் மகன் பிறந்து, வளர்ந்து, என்னைவிட உயரமான பிறகும் முடியவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கிடைத்தவர்கள் எல்லாரும் சம்பளம் கேட்டார்கள்.

இப்படி இருக்கும்போது சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த ஒரு உதிரிபாகக் கம்பெனி, மாதாந்திரக் கணக்கு வேலையை வெளியாளிடம் கொடுக்கப் போகிறது என்று தகவல் வந்தது. அங்கே பைனான்ஸ் மேனேஜர் நாகராஜ் என்று ஒருவர், பெங்களூர்க்காரர். போனில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க வெப்சைட் லிங்க் அனுப்புங்க. பாத்துட்டு மீட்டிங் வெச்சுக்கலாம்."

"அப்டேட் பண்ணிட்டு இருக்கோம் சார். அடுத்த வாரம் அனுப்பிடறோம்" என்றேன்.

வெப்சைட் என்று ஒன்று இருந்தால்தானே அப்டேட் பண்ணுவதற்கு. (அந்த 'அனுப்பிடறோம்' என்பதில் நானும் சுமதியும் பிரிண்டரும் அடக்கம்.)

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வாக்குக் கொடுத்தேன். "இந்தக் கம்பெனி மட்டும் வந்துச்சுன்னா சம்பளத்துக்கு ஆள் போட்டுடறேன். நீ இனிமே ஒரு பில்லக்கூடத் தொட வேண்டாம்."

சுமதி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மறுநாள் காலையில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய், கணக்கு டீச்சர் இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். இருக்கிறதாம். மாசக் கடைசிக்குள் சேர்ந்துகொள்ளச் சொன்னார்களாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சரி, வெப்சைட். பெங்களூரில் ஒரு நிறுவனத்தைக் கேட்டேன். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நகைக்கடை மாதிரி பட்டியல் அனுப்பினார்கள். பிளாட்டினத்தின் விலையைப் பார்த்ததும், அதில் எனக்கு ஆபீஸும் கட்டித் தருவார்களோ என்று இன்னொரு தடவை படித்தேன். கட்டித் தர மாட்டார்கள். சில்வரில் மூன்று பக்கமும் ஒரு போன் நம்பரும்தான் வரும், அந்த நம்பரும் நான் கொடுக்க வேண்டும்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் தன் அப்பாவின் மொபைல் கடைக்கு மேல் அறை போட்டு வெப்சைட் தொழில் செய்யும் ஷபானாவிடம் போனேன். கல்யாண மண்டபம், பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல் என்று ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் செய்து கொடுத்திருந்தாள். விவரமான பெண். விலையைச் சொன்னாள். நியாயமான விலைதான். நியாயமான விலையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டால் நான் எப்படி ஆடிட்டர்?

"ஏம்மா, நாலு பக்கம்தானே. என்ன இருக்கு இதுல, கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டுனா..."

சொல்லும்போதே எனக்குக் கேட்டது. ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

"சார், நீங்க ரிட்டர்ன் போடறதுக்கும் பட்டன்தானே தட்டறீங்க" என்றாள்.

"அது வேறம்மா. சரி, பில் இல்லாம எவ்வளவு?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், நீங்க ஜிஎஸ்டி ஆடிட்டருன்னு சொன்னீங்க?"

பில்லோடுதான் போட்டோம். அந்த அவமானத்தை ஈடுகட்ட, பட்டியலில் மற்றதை எல்லாம் வெட்ட ஆரம்பித்தேன். மாதாந்திரப் பராமரிப்பா, வேண்டாம். வெப்சைட் என்ன மாடா பராமரிக்க. எழுத்து வேலையா, வேண்டாம், நானே எழுதுவேன். ('நாங்கள் உங்கள் எண்களின் நண்பர்கள்' என்று எழுதினேன். இன்றுவரை யாரும் அதை மன்னிக்கவில்லை.)

அப்போதுதான் அவள் ஒரு யோசனை சொன்னாள். "கஸ்டமர் யாராச்சும் ரெண்டு வார்த்தை நல்லதா பேசி வீடியோ எடுத்துப் போட்டா நம்பிக்கை வரும் சார்."

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. நாகராஜ் கன்னடக்காரர். என் பழைய கஸ்டமர் பசவராஜண்ணா கன்னடக்காரர். கன்னடத்தில் என்னைப் புகழ்ந்து ஒரு வீடியோ போட்டால் மேனேஜர் உருகிவிட மாட்டாரா? என் தந்திரத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

"கன்னடம்னா கீழ தமிழ், இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுடலாம் சார். எனக்குக் கன்னடம் அவ்வளவா வராது. பெங்களூர்ல ஒருத்தர் கேட்டு எழுதிக் குடுப்பாரு. அதுக்குத் தனியா ரெண்டாயிரம் ஆகும்" என்றாள் ஷபானா.

"கன்னடக்காரர் பாக்கறதுக்கு எதுக்கும்மா சப்டைட்டில்? அதை வெட்டு."

வெட்டினாள்.

பசவராஜண்ணா பட்டறை வைத்திருப்பவர். பெரிய கம்பெனிகள் இரும்பை லாரியில் அனுப்பும். இவர் கடைந்து, துளைபோட்டுத் திருப்பி அனுப்புவார். இரும்பு கம்பெனிக்குச் சொந்தம். கூலி மட்டும்தான் இவர் வருமானம், ஆகையால் கூலிக்கு மட்டும்தான் வரி. சட்டமே அப்படித்தான். ஆனால் அவருக்கு ஒவ்வொரு வருஷமும் பயம். "சார், இவ்ளோ மால் வந்து போகுதே, கணக்குல காட்ட வேணாமா?" என்பார். ஒரு தடவை உட்காரவைத்து விளக்கியிருக்கலாம். நான் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை லேசாக மூடி, "அதை நான் பாத்துக்கறேன், நீங்க தைரியமா இருங்க" என்பேன். அவர் கையெடுத்துக் கும்பிடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆயுத பூஜைக்குப் போட்ட சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு லேத் மிஷின் முன்னால் நின்றார் பசவராஜண்ணா. "மனசுல இருக்கறத உங்க பாஷையிலயே சொல்லுங்கண்ணா" என்றேன். சொன்னார். கண்ணில் தண்ணீர் வரச் சொன்னார். என் கன்னடம், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற 'ஊட்டா ஆய்த்தா'வைத் தாண்டாது. நடுநடுவே 'சர்க்கார' என்பதும் 'மாய' என்பதும் காதில் விழுந்தது. அரசாங்க விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி, நான் ஒரு மாயாவி என்கிறார் போல என்று நெஞ்சு விம்மியது. லிங்க்கை நாகராஜுக்கு அனுப்பினேன். மறுநாளே மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்.

சுமதி என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "ஒழுங்கா பேசிட்டு வாங்க. அந்த ஸ்கூல்ல நாளைக்குப் பதில் சொல்லணும்" என்றாள்.

மீட்டிங் அறையில் சுவர் அளவுக்கு டிவி. நாகராஜோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். "உங்க வெப்சைட் பாத்தோம். ஒரு வீடியோ இருக்குதே, அதைச் சேந்து பாக்கலாமா?" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பசவராஜண்ணா சுவரில் பிரம்மாண்டமாக எழுந்தருளிப் பேச ஆரம்பித்தார். அவர் ஒவ்வொரு வாக்கியத்தை முடிக்கும்போதும் நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். 'மாய' வந்த இடத்தில் மெல்லச் சிரித்தேன். அவர் கைகூப்பி முடித்ததும், 'எல்லாம் ஆண்டவன் செயல்' என்கிற பாவனையில் மேலே ஒரு கை காட்டினேன்.

"இவர் என்ன சொல்றாருன்னு உங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டார் நாகராஜ்.

"கொஞ்சம் அதிகமாத்தான் சொல்றாரு சார். அன்பு."

"அதிகம்தான்" என்றவர், வீடியோவை முதலில் இருந்து போட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். "மாசாமாசம் என் பட்டறைக்கு லாரி லாரியா மால் வருது. ஒரு கிலோ கூட சர்க்காருக்குத் தெரியாது. எங்க ஆடிட்டர் எல்லாத்தையும் மாயம் பண்ணிடுவாரு. இத்தனை வருஷமா யாரும் கண்டுபுடிக்கல. மறைக்கறதுக்கு உங்ககிட்ட எது இருந்தாலும் தைரியமா இவர்கிட்ட வாங்க. தெய்வம் மாதிரி மனுஷன்."

மேலே காட்டிய கையை நான் இன்னும் இறக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இரும்பு யாருக்குச் சொந்தம், கூலி என்றால் என்ன என்று மூச்சு வாங்க விளக்கினேன். நாகராஜ் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சட்டப்படி சரிதான். எனக்கும் தெரியும். ஆனா ஹெட் ஆபீஸ்ல இந்த வீடியோவைப் போட்டுட்டு நான் பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ல முடியாது. எங்களுக்கு நேர்மைதான் முக்கியம்" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். இந்தத் தடவை நான் ஆட்டவில்லை.

பைக்கை எடுக்கும்போது பின்னாலேயே நாகராஜ் வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க. என் மச்சான் பெங்களூர் பக்கம் ஜிகணியில பட்டறை வெச்சிருக்கான். அவனோடது சொந்த மாலுதான். இருந்தாலும்... அந்த வீடியோவுல சொன்ன மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமா?"

முடியாது என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. காலையில் இருந்து அந்தக் கம்பெனிக்குள் நான் சம்பாதித்த ஒரே மரியாதையும் அங்கேயே போய்விட்டது.

வழியிலேயே ஷபானாவுக்குப் போன் போட்டேன். "அந்த வீடியோவை உடனே எடும்மா."

"எடுத்துடலாம் சார். பராமரிப்பு வேணாம்னு சொன்னீங்கல்ல, அதனால மாத்தறதுக்குத் தனியா ஆகும்."

"எவ்வளவு?"

"ரெண்டாயிரம் சார். பில்லோட."

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனேன். கோபத்தில்தான் போனேன். பசவராஜண்ணா டீ வாங்கிக் கொடுத்தார். வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட விளக்கத்தை அன்று முழுசாகச் சொன்னேன். நான் எதையும் மறைக்கவில்லை, சட்டமே அவ்வளவுதான் கேட்கிறது என்றேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீங்க ஒண்ணுமே பண்ணலையா சார்?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. எல்லாம் நேர்மையாத்தான் இருக்கு."

"அப்ப இத்தனை வருஷமா உங்களுக்கு எதுக்கு சார் அவ்ளோ பீஸு?"

அந்த மாசத்திலிருந்து அவர் பீஸில் பாதி குறைந்தது. இதற்குள் வீடியோ வாட்ஸாப்பில் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரை போயிருந்தது. எங்கிருந்தோ யார் யாரோ மாடியேறி வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசுவார்கள். ஒருவர் முழு கிரானைட் குவாரியையே மாயம் பண்ணித் தரக் கேட்டார். வீடியோ போட்டால் நம்பிக்கை வரும் என்று ஷபானா சொன்னதில் பொய் இல்லை. வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை.

மீட்டிங் நடந்த அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள். கண்ணில் நீர் வருகிற மாதிரி சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது, நீர் நிற்கவில்லை. "அந்த ஸ்கூலுக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்" என்று உள்ளே போனாள். கம்பெனி போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கணக்குப் பார்த்து, இவளுடைய பள்ளிக்கூடத்தை வெட்டிவிட்டேனே என்றுதான் வருந்தினேன், இன்றும் வருந்துகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது என்ன காணாமல் போனாலும் முதல் விசாரணை என்னிடம்தான். சர்க்கரை தீர்ந்தால், ரிமோட் கிடைக்காவிட்டால், "அப்பா மாயம் பண்ணிட்டாரு" என்கிறான் மகன். மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நகைப்பெட்டி இருக்கிற அறைப்பக்கம் என்னை விட மறுத்துவிட்டார்கள். மொய் எழுதுகிற இடத்தில் உட்காரச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

மாசாமாசம் கடைசித் தேதிக்கு முந்தின சாயங்காலம் பசவராஜண்ணாவின் கட்டைப்பை வந்து மேஜைமேல் கவிழ்கிறது. சுமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த எண்ணெய்க் கறைக் குவியலைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொல்வாள்.

"எங்க, இதை மட்டும் ஒரு தடவை மாயம் பண்ணிக் காட்டுங்க பாப்போம்."